கோல்ஃபில் பிளேடு அயர்னா, பிழை பொறுக்கும் அயர்னா: ஹேண்டிகேப் 17 உள்ளவர் எதை எடுப்பது?

நண்பர் ஒருவர் தம்மிடமுள்ள ஃபோர்ஜ்டு (உலோகத்தை அடித்து உருவாக்கிய) பிளேடு செட்டை, அதாவது மெலிந்த தலையுள்ள கோல்ஃப் கிளப்புகளை (மட்டைகளை), நீள அடிக்கான 3 அயர்ன் முதல் குறுகிய அடிக்கான பிட்ச்சிங் வெட்ஜ் வரை, பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். பயிற்சியாளர் "பிளேடில் ஆடினால்தான் அடி திருந்தும்" என்கிறார். உடன் ஆடுபவரோ "அதெல்லாம் புரொஃபஷனல்களுக்கு, தொடவே தொடாதீர்கள்" என்கிறார். உங்கள் ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்; குறையக் குறைய நல்லது) 17, ஆட்டம் வார இறுதியில் மட்டும், இப்போது கையில் இருப்பது பழைய கேவிட்டி பேக் செட், அதாவது பின்புறம் குடைந்த, மையம் தவறிய அடியையும் ஓரளவு காப்பாற்றும் ‘பிழை பொறுக்கும்’ வகை. இதில் யார் சொல்வதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்த வரையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிளேடுக்கு மாறினால் ஸ்கோர் எவ்வளவு கெடும் என்பது ஒன்று. மாறாமலே இருந்துவிட்டால் ஆட்டத்தில் ஒரு கட்டத்துக்கு மேல் வளர முடியாமல் போய்விடுமோ என்ற கவலை மற்றொன்று. முதல் கேள்விக்கு இயற்பியல் ஓரளவு உறுதியான பதிலைத் தருகிறது. இரண்டாவதைப் பற்றிப் பேசப்படுவதில் பெரும்பகுதி நம்பிக்கைதான், நிரூபணம் குறைவு. நான் கிளப் பொருத்துவதிலும் பழுது பார்ப்பதிலும் பல ஆண்டுகளாக இருப்பவன், ஆட்டம் கற்பிப்பவன் அல்லன். எனவே ஸ்விங்கை எப்படித் திருத்துவது என்பதில் உங்களை நேரில் பார்க்கும் பயிற்சியாளரின் சொல்லுக்கே எடை அதிகம். கிளப்பின் தலை பந்தோடு மோதும்போது என்ன நடக்கிறது, கடையில் எதைப் பார்த்து ஏமாறுகிறோம் என்பவற்றை நான் தெளிவாகச் சொல்ல முடியும்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு 7 அயர்னின் தலை, பிளேடானாலும் கேவிட்டி பேக்கானாலும், ஏறத்தாழ 270 கிராம்தான். வேறுபாடு அந்த எடை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. பிளேடில் எடையின் பெரும்பகுதி முகத்தின் (பந்தில் படும் பரப்பின்) நடுப்பகுதிக்குப் பின்னாலேயே திரண்டிருக்கிறது; அதனால்தான் அதற்கு மசில் பேக் என்ற பெயரும் உண்டு. கேவிட்டி பேக்கில் நடுப்பகுதியைக் குடைந்து, அந்த எடையை ஹீல் (தண்டுப் பக்கம்), டோ (அதற்கு எதிர்ப்பக்கம்) என்ற இரு ஓரங்களுக்கும் அடிப்பகுதிக்கும் தள்ளிவிடுகிறார்கள். காவடித் தண்டின் இரு முனைகளிலும் சுமை தொங்கும்போது, அதைத் தோளில் வைத்துச் சட்டென்று திருப்ப முடியாது; அதே சுமையைத் தண்டின் நடுவில் கட்டினால் எளிதில் திரும்பிவிடும். அயர்னிலும் இதுதான் நடக்கிறது. பந்து மையத்தை விட்டு விலகிப் பட்டால், தலை தன் எடை மையத்தைச் சுற்றித் திரும்பப் பார்க்கிறது. டோ பக்கம் பட்டால் முகம் திறக்கிறது (வலக்கை ஆட்டக்காரருக்கு வலப்பக்கம் திரும்புகிறது), ஹீல் பக்கம் பட்டால் மூடுகிறது. இரண்டிலும் பந்துக்குப் போக வேண்டிய வேகத்தில் ஒரு பகுதி தலையைத் திருப்புவதிலேயே செலவாகிவிடுகிறது. எடை ஓரங்களில் இருந்தால் இந்தத் திருப்பம் குறையும், வேக இழப்பும் குறையும். பந்தும் முகமும் தொட்டுக்கொண்டிருப்பது வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் என்பதால், பிடியை இறுக்கிக் கையால் அந்தத் திருப்பத்தைத் தடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு இடமே இல்லை.

இதை முதலில் விடாப்பிடியாகச் செய்து காட்டியவர் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம். 1959இல் ஒரு பட்டரில் (குழிக்கருகே பந்தை உருட்டும் கிளப்பில்) தொடங்கி, பிங் என்ற பெயரில் அயர்ன்களுக்கும் அதே கொள்கையைக் கொண்டுவந்தார். 1982இல் வந்த பிங் ஐ 2 அயர்னைப் பெரிய போட்டிகளில் ஆடுபவர்களும் தயங்காமல் எடுத்தார்கள். அதற்கு முந்தைய தலைமுறைகள் பிளேடிலேயே கற்றார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களுக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை. அப்படிக் கற்று மேலே வந்தவர்களை மட்டுமே நாம் பார்க்கிறோம். கற்க முடியாமல் ஆட்டத்தையே விட்டவர்கள் நம் கண்ணில் படுவதில்லை. எனவே "பழைய ஜாம்பவான்கள் எல்லாரும் பிளேடில் கற்றவர்கள்தானே" என்ற வாதத்துக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை.

பிழை பொறுப்பது என்றதும் எல்லாரும் இடவல விலகலையே நினைக்கிறார்கள். வார இறுதி ஆட்டக்காரர்களின் செட்டுகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர்களை அதிகம் பாதிப்பது மேல்கீழ் விலகல். பழுதுக்கு வரும் ஒரு பழைய 7 அயர்னை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். குறைந்த ஹேண்டிகேப் உள்ளவருடைய கிளப்பில், முகத்தின் நடுவில், சற்றே ஹீல் பக்கமாக, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மங்கிய சாம்பல் நிறத் தேய்மானம் ஒன்று இருக்கும். பள்ளக் கோடுகளின் விளிம்பு அங்கே மட்டும் மழுங்கியிருக்கும். மற்ற இடமெல்லாம் புதிதுபோல இருக்கும். ஹேண்டிகேப் 15, 20 உள்ளவரின் கிளப்பில் அப்படி ஒரு வட்டத்தைக் காண முடியாது. தேய்மானம் ஹீலிலிருந்து டோ வரை மெலிதாகப் பரவியிருக்கும், அதிலும் கீழிருந்து முதல் இரண்டு மூன்று கோடுகளில் கூடுதலாகத் தெரியும். கீழ் விளிம்பில் மணலும் சிறு கல்லும் கீறிய தடங்கள் இருக்கும். பந்து எடை மையத்துக்குக் கீழே படுகிறது என்பதற்கு அந்தக் கோடுகளே சாட்சி. அப்படிப் பட்ட பந்து தாழ்வாகக் கிளம்பி, வேகமும் குறைந்து, கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள சீரான புல்வெளிக்கு) முன்னாலுள்ள பங்கரில் (மணற்குழியில்) போய் விழுகிறது. பிளேடின் எடை மையம் சற்று உயரத்தில் இருக்கிறது. அடி அகன்ற அயர்னில் அது கீழே இருக்கிறது. ஆகவே கீழே படும் அதே அடிக்கு இரண்டாவது வகை கூடுதல் உயரம் கொடுக்கும். உங்களைப் போன்ற ஒருவருக்கு நான் பிழை பொறுக்கும் அயர்னைப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் இதுதான். பந்து நேராகப் போவது அதற்கு அடுத்தபடிதான்.

சோல் எனப்படும் அடிப்பகுதியின் அகலமும் இதே அளவுக்கு முக்கியம்; கடையில் யாரும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. பந்துக்கு ஓரங்குலம் முன்னதாகவே தரையைத் தொடுபவருக்கு, அகன்ற சோல் மண்ணுக்குள் புதையாமல் வழுக்கிக்கொண்டு பந்தை அடைய உதவுகிறது. குறுகிய பிளேடு சோல் அங்கேயே தோண்டி நின்றுவிடும். ஆனால் இது தரையைப் பொறுத்தது. நம் ஊர்க் கோர்ஸ்களில் (கோல்ஃப் மைதானங்களில்) பரவலாக இருப்பது பெர்முடா புல், அதாவது நம் அருகம்புல். கோடையில் நீர் குறைந்து தரை இறுகிவிட்ட ஃபேர்வேயில் (சீராக வெட்டிய புல்வழியில்), மிக அகன்ற சோல் தரையில் பட்டுத் துள்ளி, கீழ் விளிம்பு பந்தின் வயிற்றில் போய் இடிப்பதும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு அதே ஃபேர்வே ஊறிக்கிடக்கும்போது அந்த அகலமே காப்பாற்றுகிறது. எனவே அகலம் கூடக் கூட நல்லது என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் எந்தத் தரையில் அதிகம் ஆடுகிறீர்கள், டிவட் (அடிக்கும்போது தரையிலிருந்து பெயரும் புல்துண்டு) ஆழமாக விழுகிறதா, தரையைத் தடவிச் செல்கிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆழமாகத் தோண்டுபவருக்குக் குறுகிய சோல் நிச்சயம் பகை.

ஆஃப்செட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முகம் ஷாஃப்டுக்கு (கிளப்பின் தண்டுக்கு) சற்றுப் பின்தள்ளி இருப்பதால், மோதும் கணத்துக்குள் முகம் மூட ஒரு துளி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. ஸ்லைஸ் (வலக்கைக்காரருக்கு வலப்பக்கம் வளைந்து) போகும் பழக்கம் உள்ளவருக்கு அது துணை. உங்கள் தவறிய அடிகள் ஹூக்காக (இடப்பக்கம் வளைந்து) போகின்றன என்றால் ஆஃப்செட் அதிகமுள்ள அயர்ன் உங்களுக்குப் பகையாகலாம். உங்கள் கேள்வியில் பந்து எந்தப் பக்கம் விலகுகிறது என்று குறிப்பிடவில்லை. கடைக்குப் போகும் முன் அதைக் கவனித்து வையுங்கள்.

இனி, கடையில் மிக எளிதாக ஏமாறும் இடத்துக்கு வருகிறேன். ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி உங்கள் கையில் இரண்டு 7 அயர்ன்களைக் கொடுப்பார்கள். பிழை பொறுக்கும் அயர்னில் பந்து 15 யார்டு கூடுதலாகப் போகும். "பார்த்தீர்களா தொழில்நுட்பத்தை" என்பார்கள். அந்தத் தூரத்தில் பெரும்பகுதி லாஃப்டிலிருந்து, அதாவது முகம் பின்சாய்ந்திருக்கும் கோணத்திலிருந்து வருகிறது; அது குறையக் குறையத் தூரம் கூடும். டைட்டிலிஸ்ட் 620 எம்பி என்ற பிளேடில் 7 அயர்னின் லாஃப்ட் 35 டிகிரி, பிட்ச்சிங் வெட்ஜ் 47 டிகிரி. பிங் ஜி430 என்ற பிழை பொறுக்கும் செட்டில் 7 அயர்ன் 29 டிகிரி, பிட்ச்சிங் வெட்ஜ் 41 டிகிரி. ஆறு டிகிரி என்பது ஒன்றரைக் கிளப் வித்தியாசம். பிளேடு செட்டில் 5 அயர்ன் 27, 6 அயர்ன் 31 என்று இருப்பதால், ஜி430இன் 7 அயர்ன் அந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கிறது. கிளப்பின் அடியில் பொறித்த எண்ணைப் பார்த்து ஒப்பிட்டால் எந்த முடிவும் சரியாக இராது; ஒரே லாஃப்டுக்கு அருகிலுள்ள இரண்டைத்தான் பக்கத்தில் வைத்து அடிக்க வேண்டும். பிளேடின் 7 அயர்னோடு ஜி430இன் 8 அயர்னை, அதாவது 33 டிகிரியை, ஒப்பிடுங்கள். அப்போது நன்றாகப் பட்ட அடிகளில் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கும். தவறிய அடிகளில் மட்டும் வித்தியாசம் நிலைத்து நிற்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த இரண்டாவது வித்தியாசத்தைத்தான்.

லாஃப்ட் வலுவாக (குறைவாக) இருப்பதில் தவறில்லை, அதற்கு ஒரு காரணமும் உண்டு: எடை மையம் கீழே இருப்பதால் பந்து தானாகவே உயரக் கிளம்புகிறது, அதைச் சரிக்கட்ட லாஃப்டைக் குறைக்கிறார்கள். ஆனால் செட்டின் கீழ்க்கோடியில் அது ஒரு பள்ளத்தை விட்டுச் செல்கிறது. பிட்ச்சிங் வெட்ஜ் 41 டிகிரியில் முடிந்து, உங்கள் சாண்ட் வெட்ஜ் 56 டிகிரியில் தொடங்கினால், நடுவே 15 டிகிரி காலியாகக் கிடக்கும். 80 யார்டிலிருந்து 110 யார்டு வரையிலான தூரத்துக்கு முழு ஸ்விங்கில் அடிக்க உங்களிடம் கிளப்பே இருக்காது. அதை நிரப்ப இரண்டு வெட்ஜ்கள் வேண்டும். பையில் 14 கிளப்புகளுக்கு மேல் விதி இடம் தராது என்பதால் மேலே இரண்டை இழக்க வேண்டும். நீள அயர்ன்களை (3, 4 போன்றவற்றை) இழப்பது உங்களுக்கு நட்டமில்லை என்பதால் இது தாங்கக்கூடியதே. விலை கேட்கும்போது அந்த வெட்ஜ்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

லாஃப்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று பந்து இறங்கும் கோணம். தொழில்முறை ஆண் ஆட்டக்காரர்கள் 7 அயர்னை மணிக்கு 90 மைல் வேகத்தில் அடிக்கிறார்கள். பந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,000 சுற்று சுழன்று, 50 டிகிரிக்கு அருகில் செங்குத்தாக இறங்குகிறது. கிரீனில் பந்து நிற்க வேண்டுமானால் 45 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பதை நாங்கள் பொருத்தும்போது ஒரு வரம்பாக வைத்துக்கொள்கிறோம். மெதுவாகச் சுழற்றும் ஒருவர் வலுவான லாஃப்டும் குறைந்த சுழலும் உள்ள அயர்னை எடுத்தால், லாஞ்ச் மானிட்டரில் (பந்து பறப்பதை அளந்து காட்டும் கருவியில்) தூரம் அழகாகத் தெரியும். கோர்ஸில் பந்து கிரீனில் விழுந்து பின்பக்கம் உருண்டு போகும். ஆகவே பிழை பொறுக்கும் வகைக்குள்ளேயே, தூரத்துக்காகச் செய்யப்பட்டவற்றையும் உயரத்துக்காகச் செய்யப்பட்டவற்றையும் பிரித்துப் பாருங்கள். திரையில் தூரத்தைக் காட்டும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே இறங்குகோணமும் இருக்கும். அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இதுவரை சொன்னவற்றை நான் தயங்காமல் சொல்வேன். இனி வருபவற்றில் அந்த உறுதி கிடையாது. பிளேடில்தான் பந்தை டிரா (வலக்கைக்காரருக்கு இடப்பக்கம்), ஃபேட் (வலப்பக்கம்) என்று வளைக்க முடியும் என்பது பரவலாக நிலவும் கருத்து. பந்து வளைவதைத் தீர்மானிப்பது, மோதும் கணத்தில் முகம் பார்க்கும் திசைக்கும் தலை செல்லும் பாதைக்கும் இடையிலுள்ள கோணம். அந்தக் கோணத்தை உண்டாக்குபவர் ஆட்டக்காரர். கேவிட்டி பேக்கிலும் அதே கோணத்தை உண்டாக்கினால் பந்து வளையவே செய்யும். உங்கள் கேவிட்டி பேக் உங்கள் ஸ்லைஸை ஒருநாளும் தடுத்ததில்லை அல்லவா? பிளேடில் மேல் விளிம்பு மெலிந்து, ஆஃப்செட் மிகக் குறைவாக இருப்பதால், முகத்தைத் திறந்தும் மூடியும் வைப்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. திறமையானவர்களுக்கு அது உதவுகிறது என்று நம்புகிறேன். அதற்கு மேல் அந்தக் கருத்தில் பொருள் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கையில் கிடைக்கும் உணர்வு பற்றிய பேச்சும் அப்படித்தான். ஃபோர்ஜ்டு அயர்ன்களுக்கு மென்மையான கார்பன் ஸ்டீலைப் பயன்படுத்துவதும், வார்ப்பு அயர்ன்களுக்குப் பெரும்பாலும் கடினமான ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலைப் பயன்படுத்துவதும் உண்மை. ஆனால் நாம் உணர்வு என்று சொல்வதில் பெரும்பங்கு காதில் விழும் ஓசை. பந்துக்கு நேர் பின்னால் உலோகம் எவ்வளவு தடித்திருக்கிறது என்பது அந்த ஓசையை மாற்றுகிறது. பிளேடின் நடுவில் சரியாகப் பட்ட அடி தரும் அந்த அமுங்கிய ஓசைக்கும், கையில் எதுவுமே படாததுபோல் பந்து கிளம்பிப் போவதற்கும் ஈடில்லை என்பதை நானும் மனமார ஒப்புக்கொள்கிறேன். அந்த இன்பத்துக்காகவே பிளேடு ஆடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரோடு வாதிட எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அது கைக்கு எட்டும்போது பந்து ஏற்கெனவே கிளம்பிவிட்டது. அது நடந்து முடிந்ததைப் பற்றிய செய்தி, பந்தின் மேல் உங்களுக்குள்ள கட்டுப்பாடு அன்று.

உங்கள் பயிற்சியாளர் சொன்னது இதனோடு தொடர்புடையது: பிளேடு தவறுகளைத் தண்டிக்கும், தண்டனை அடியைத் திருத்தும். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். குளிர்காலக் காலையில் ஊட்டியில் 4 அயர்ன் பிளேடின் டோவில் பந்து பட்டால் முழங்கை வரை அதிரும். ஆனால் அந்த அதிர்வு, ஏன் டோவில் பட்டது என்று சொல்வதில்லை. எங்கே பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள எந்த அயர்னும் போதும். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தின் மேல் ஒரு புள்ளி வைத்து அடித்தால், அது முகத்தில் பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். வாரத்தில் பல நாள் ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) நிற்கும் இளைஞருக்குப் பிளேடு ஒரு நல்ல பயிற்சிக் கருவி ஆகலாம். வார இறுதியில் மட்டும் ஆடுபவர்களிடம் நான் கண்டது வேறு: இரண்டு அடி வலித்ததும் மூன்றாவது அடியில் ஸ்விங்கை முழுதாக விடாமல், பந்தைக் கையால் தள்ளத் தொடங்கிவிடுகிறார்கள். இது என் பட்டறைக்கும் ரேஞ்சுக்கும் வந்தவர்களைப் பார்த்துச் சொல்வது, ஆய்வு முடிவு அன்று. பயிற்சியாளர் உங்கள் ஸ்விங்கை அறிந்தவர் என்பதால், அவர் எந்தத் தவறைத் திருத்த பிளேடு உதவும் என்று நினைக்கிறார் என்பதை அவரிடமே கேளுங்கள். குறிப்பிட்ட ஒரு தவறைச் சொன்னால் அவர் பேச்சுக்குச் செவிகொடுங்கள். பொதுவாக "அடி திருந்தும்" என்று மட்டும் சொன்னால் அதை ஒரு கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு சந்தேகம் நேர்மையாகச் சொல்லப்பட வேண்டும். 2017இல் டெய்லர்மேட் பி790 வந்ததிலிருந்து, உள்ளே குடைவான, முகம் மெலிந்து துள்ளும் அயர்ன்கள் பெருகிவிட்டன. வெளியே பார்க்கப் பிளேடு போலவே இருக்கும். இவற்றில் சில அடிகள், அதிலும் ரஃபில் (நீண்ட புல்லுள்ள பகுதியில்) புல் இடையில் சிக்கும்போது, எதிர்பாராமல் பத்து யார்டு கூடப் பறந்துவிடுகின்றன என்ற குறை உண்டு. இது ஓரளவு உண்மை என்றே நினைக்கிறேன். ஆனால் முகத்தின் துள்ளலால் எவ்வளவு, குறைந்த சுழலால் எவ்வளவு, அடித்தவரின் வேகம் அன்றைக்கு மாறியதால் எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று. ஹேண்டிகேப் 17இல் உங்கள் பந்து கிரீனைத் தாண்டுவதைவிடக் கிரீனை எட்டாமல் நிற்பதே அதிகமாக இருக்கும். அதனால் இந்தக் குறை உங்களை இப்போதைக்குப் பெரிதாகத் தொடாது.

பிளேடு புரொஃபஷனல்களுக்கு மட்டும் என்று சொன்ன, உங்களுடன் ஆடுபவருக்கும், புரொஃபஷனல்கள் எல்லாரும் பிளேடுதான் ஆடுகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கும் இரண்டு பைகளைக் காட்டலாம். ஸ்காட்டி ஷெஃப்லர் 2024இல் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியை வென்றபோது 5 அயர்ன் முதல் பிட்ச்சிங் வெட்ஜ் வரை, டைகர் வுட்ஸின் விருப்பப்படி உருவான பி7டிடபிள்யூ பிளேடுகளை வைத்திருந்தார். ஆனால் 3, 4 அயர்ன்களின் இடத்தில் ஸ்ரிக்சன் நிறுவனத்தின் குடைவான யுடிலிட்டி அயர்ன்கள் இருந்தன. விக்டர் ஹோவ்லாண்ட் 2023இல் அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றின் ஆண்டுப் பட்டமான ஃபெடெக்ஸ் கோப்பையை வென்றது பிங் ஐ210 என்ற கேவிட்டி பேக்கோடு. உலகின் மிகச் சிறந்த அடிகாரர்களில் ஒருவரே நீள அயர்ன்களில் உதவியை ஏற்றுக்கொள்கிறார் என்பதில் உங்களுக்கான குறிப்பு இருக்கிறது. லாஃப்ட் குறையக் குறைய, மையம் தவறிய அடியின் விலை கூடுகிறது. 9 அயர்னிலும் வெட்ஜிலும் இரண்டு வகைக்கும் உள்ள இடைவெளி சிறியது. 5 அயர்னில் அது பெரிது. கலப்புச் செட் என்பது இந்த உண்மையிலிருந்து பிறந்ததுதான். வேறு வேறு மாடல்களைக் கலக்கும்போது லாஃப்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடாமல் அளந்து வளைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

நண்பரின் செட்டைப் பற்றி ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. பழைய பிளேடு செட்டுகளில் பெரும்பாலும் இருப்பது டைனமிக் கோல்ட் எஸ்300 ஷாஃப்ட். எடை ஏறத்தாழ 130 கிராம். உங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் நாங்கள் பொருத்துவது நிப்பான் 950ஜிஹெச் போல 100 கிராமுக்கும் குறைந்த ஷாஃப்ட். ஆறாவது, ஏழாவது ஹோலுக்குப் பிறகு தோள் சோர்ந்து, முகம் திறந்தே மோதத் தொடங்கும்போது பிளேடின் மேல் பழி விழும். குற்றம் ஷாஃப்டினுடையதாக இருக்கலாம். இதே காரணத்தால், கனமான ஷாஃப்டுள்ள பிளேடையும் இலகுவான ஷாஃப்டுள்ள கேவிட்டி பேக்கையும் அடித்துப் பார்த்து, தலையைப் பற்றி முடிவு சொல்வது சரியான ஒப்பீடாகாது. ஷாஃப்டின் மேற்பகுதியில் ஒட்டியுள்ள பட்டையைப் படித்துப் பார்த்து, என்ன ஷாஃப்ட் என்று நண்பரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஃபோர்ஜ்டு அயர்ன்கள் மென்மையானவை என்பதால், ஆண்டுக்கணக்கில் தரையில் மோதி லாஃப்டும் லை கோணமும் (தண்டு தரையோடு சேரும் கோணமும்) ஓரிரு டிகிரி நகர்ந்திருக்கவும் கூடும். அதே மென்மையால் அவற்றைத் திரும்ப வளைத்துச் சரிசெய்வதும் எளிது. அந்த வகையில் பழைய ஃபோர்ஜ்டு செட் நல்ல முதலீடுதான்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை இது. செட்டை வாங்குவதாகவும் வேண்டாம் எனவும் சொல்லாமல், நண்பரிடம் 5 அயர்னையும் 8 அயர்னையும் மட்டும் சில வாரங்களுக்குக் கடனாகக் கேளுங்கள். மார்க்கர் புள்ளி வைத்த பந்துகளை, உங்கள் பழைய செட்டில் அதே லாஃப்டுக்கு நெருங்கிய கிளப்போடு மாற்றி மாற்றி அடியுங்கள். பாய்மேல் அடிக்காமல் புல்தரையில் அடியுங்கள், ஏனெனில் பாய், பந்துக்கு முன்னதாகவே தரையைத் தொட்ட உங்கள் அடிகளையெல்லாம் மறைத்துவிடும். நல்ல அடிகளை எண்ணாதீர்கள், அவை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். மோசமான அடிகள் எங்கே போய் விழுகின்றன என்று மட்டும் பாருங்கள். 8 அயர்னில் புள்ளிகள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள்ளோ அதைச் சுற்றியோ கூடி விழுந்து, 5 அயர்னில் சிதறுகின்றன என்றால், 8 அயர்ன் முதல் வெட்ஜ் வரை நண்பரிடம் வாங்கி, ஷாஃப்டை மாற்றி, மேலே பிழை பொறுக்கும் அயர்ன்களோடு சேர்த்து ஆடலாம்; ஸ்கோர் பெரிதாகக் கெடாது, அந்த ஓசையும் கிடைக்கும். இரண்டிலுமே சிதறினால், இப்போதைக்கு வேண்டாம் என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

அப்படிச் சொல்ல நேர்ந்தால், புதிய பெரிய தலை அயர்னுக்கு உடனே ஓடவும் தேவையில்லை. இந்தியாவில் ஒரு புதிய செட் லட்ச ரூபாயை ஒட்டியோ தாண்டியோ நிற்கிறது. உங்கள் பழைய கேவிட்டி பேக்கின் லை கோணத்தையும் லாஃப்டையும் அளக்கச் சொல்லி, பிடிகளை மாற்றி, பள்ளக் கோடுகள் தேய்ந்திருந்தால் வெட்ஜ்களை மட்டும் புதுப்பிப்பது அதில் ஒரு சிறு பகுதியில் முடியும். எந்த வழியில் போனாலும், 3, 4 அயர்ன்களை மட்டும் நண்பரிடமே விட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஹைப்ரிடை (நீள அயர்னைவிட எளிதாகப் பந்தை உயர்த்தும் கலப்பு வகைக் கிளப்பை) வைத்துக்கொள்ளுங்கள்.